மூன்றாம் தரத்துக்கு முன்

ஒரு குடும்பம் நூறாண்டுக் காலம் பேணிய பொருள், ஏலக்கூடத்தில் கைமாறுவதற்குச் சில நிமிடங்கள் போதும். ‘ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்’ என்று சுத்தியல் விழுந்தபின், அது எந்த வீட்டில் இருந்தது, யார் கைபட்டுத் துலங்கியது என்று கேட்பவர் இல்லை. அந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லக்கூடியவர்கள் வீட்டிலுள்ள பெரியோர்களே. அவர்கள் விடை சொல்ல வேண்டிய காலம் மூன்றாம் தரத்துக்கு முந்தியது.

செட்டிநாட்டு வீடுகளுக்கு இந்தச் சங்கடம் நன்கு தெரியும். நகரத்தார் பர்மா, மலாயா, இலங்கை முதலிய இடங்களில் கொடுக்கல் வாங்கல் நடத்தி ஈட்டிய செல்வம், பர்மாத் தேக்குத் தூண்களாகவும் இத்தாலியப் பளிங்காகவும் பெல்ஜியம் கண்ணாடிகளாகவும் சுவர்க் கடிகாரங்களாகவும் ஊர் வந்து சேர்ந்தது. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியபோது அங்கிருந்த முதலும் நிலமும் முடங்கின. பங்காளிகள் பலருக்கும் பொதுவான பெரிய வீடுகளைப் பராமரிக்க ஆளில்லாமற் போயிற்று. வீட்டைப் பிரிப்பதென்று முடிவானால் நிலைக்கதவு முதல் ஊறுகாய்ச் சாடி வரை யாவும் விலைக்கு வரும். காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவில் வரிசையாக உள்ள கடைகளில் அவற்றை இன்றும் காணலாம். அரியவை என்று கருதப்படுபவை பெருநகரத்து ஏலங்களுக்குச் செல்கின்றன.

காரைக்குடிக்கு அருகில் ஓர் ஊரில், எண்பது வயதைக் கடந்த ஆச்சி ஒருவரின் வீட்டிலும் அத்தகைய நாள் வந்தது. பங்காளிகள் வீட்டை விற்க இசைந்துவிட்டனர். தம் பங்குக்கு உரிய அறைகளில் இருந்தவற்றை ஆச்சி வளவில் எடுத்து வைக்கச் செய்தார். ஈட்டிமரச் சாய்வு நாற்காலி, தேக்குப் பெட்டகம், கணக்கெழுதும் சாய்மேசை, ஊஞ்சற்பலகை, எட்டுநாள் கடிகாரம், இரண்டு அலமாரி நிறையப் புத்தகங்கள். பட்டியல் எடுக்க வந்த வியாபாரி தொழில் தெரிந்தவர், பொய் சொல்லாதவர். மரச்சாமான்களில் பழைய மெருகு கலையாதிருந்தால் விலை கூடும் என்றும், புதிதாக வார்னிஷ் பூசினால் குறையும் என்றும் விளக்கினார். கடிகாரத்தில் முகத்தட்டும் உள்ளியந்திரமும் மாற்றப்படாமல் இருக்க வேண்டும். புத்தகத்தில் தலைப்புப் பக்கம் கிழியாமலும் தாள் கறைபடாமலும் இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் தோற்றது ஒரு திருவாசகப் புத்தகம். அது ஆச்சியின் மாமியார் நாள்தோறும் ஓதியது. தாள்களில் விளக்கெண்ணெய் படிந்திருந்தது. மடிப்புகளில் திருநீறு தங்கியிருந்தது. முற்றோதல் நிறைவெய்திய ஆண்டுகளை அவர் பென்சிலால் ஓரங்களில் குறித்து வந்திருந்தார். 1942-ஆம் ஆண்டுக் குறிப்பின் அருகில் மட்டும், ‘பர்மாவிலிருந்து நடந்து வந்து சேர்ந்தார்கள்’ என்று நடுங்கிய எழுத்தில் ஒரு வரி இருந்தது. கணவர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமலே பல மாதங்கள் அந்தப் புத்தகத்தின் முன் அமர்ந்திருந்தவர் எழுதிய வரி அது.

வியாபாரி புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இது விலைபோகாது ஆச்சி. கறை நிறைய இருக்கு, ஓரமெல்லாம் எழுதியும் இருக்கு” என்றார்.

ஆச்சி அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, “இது பட்டியல்ல வேண்டாமப்பா” என்றார்.

அதன்பின் மற்றப் பொருள்களைப் பிரிப்பது அவருக்கு எளிதாயிற்று. பெட்டகமும் மேசையும் நாற்காலியும் பட்டியலில் நின்றன. கடிகாரத்தைப் பேரன் கேட்டான். பெங்களூரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிப்பவன் அவன். ஆச்சியின் கணவர் வெள்ளிதோறும் விளக்கேற்றியபின் அதற்குச் சாவி கொடுப்பார். அவர் சிவபதவி அடைந்த நாள்முதல் அது ஓடவில்லை. ஆச்சி பேரனை அருகில் அழைத்து, முகத்தட்டில் உள்ள இரு துளைகளில் ஒன்று நேரத்துக்கும் மற்றொன்று மணி அடிப்பதற்கும் உரியவை என்று காட்டினார். பெட்டி சற்றே சாய்ந்து தொங்கினாலும் ஊசல் ஒருபுறம் இழுத்து நின்றுவிடும். வேகமாக ஓடினால் ஊசற்குண்டைச் சிறிது இறக்க வேண்டும். பின்தங்கினால் ஏற்ற வேண்டும்.

“வாரம் தவறாமச் சாவி கொடுப்பியா?” என்று கேட்டார்.

“கொடுக்கிறேன் அப்பத்தா” என்றான் பேரன்.

இப்போது கடிகாரம் பெங்களூரில் ஓடுகிறது. சில வாரங்களில் அவன் மறந்துவிடுவதும் உண்டு. தொலைபேசியில் மணியோசை கேளாதபோதும் ஆச்சி அதைப்பற்றிக் கேட்பதில்லை.

ஊஞ்சற்பலகையை மட்டும் அவரால் எளிதில் கொடுக்க முடியவில்லை. வீட்டுக் குழந்தைகள் எல்லாரும் அதில் உறங்கியவர்கள். எடுத்துச் செல்ல இடமுள்ளவர் எவரும் இல்லை. ஒரு விடுதிக்காரர் ஏலத்தில் எடுத்தார். கிடைத்த தொகையை ஆச்சி ஊர்ச் சிவன்கோயில் விளக்கெண்ணெய்க் கட்டளைக்குக் கொடுத்தார். ஆயினும் அன்று இரவு அவர் உண்ணவில்லை என்று வீட்டார் கூறினர்.

அலமாரிப் புத்தகங்கள் நூலகத்துக்குச் சென்றன. இதற்கு அந்தப் பகுதியிலேயே முன்னுதாரணம் உண்டு. பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக வாழ்க்கையைத் தொடங்கிய கோட்டையூர் ரோஜா முத்தையா, பிறர் பொருட்படுத்தாத பழைய நூல்களையும் இதழ்களையும் அழைப்பிதழ்களையும் துண்டறிக்கைகளையும் தேடித் தேடிச் சேர்த்தார். அவ்வாறு சேர்ந்தவை ஏறத்தாழ ஒரு லட்சம். 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை விலைக்கு வாங்கியது. எனினும் அது கடல் கடக்காமல், 1994-இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக நிலைபெற்றது. எடைக்குப் போயிருக்கக்கூடிய தாள்களை இன்று ஆய்வாளர்கள் நாடி வருகிறார்கள்.

வீட்டில் பழைய பொருள் உள்ளவர்கள் சட்டத்தையும் நினைவிற் கொள்ள வேண்டும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி, நூறாண்டைக் கடந்த சிலைகள், ஓவியங்கள் முதலியனவும், 75 ஆண்டைக் கடந்த மதிப்புள்ள சுவடிகளும் தொல்பொருள்கள் ஆகும். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புதல் கூடாது. பழைய சிலைகளை முறைப்படி பதிவு செய்தல் வேண்டும். பூஜையில் இருந்த மூர்த்தியை வியாபாரியிடம் காட்டுவதற்கு முன், பூஜையைத் தொடர உறவினர் எவரேனும் உளரா என்று விசாரிப்பது நலம்.

சரஸ்வதி பூஜைக்கு முன் அலமாரியைத் திறந்து, இராமபாணப் பூச்சியைத் தட்டி, வசம்பும் வேப்பிலையும் வைப்பது நம் வீடுகளின் பழக்கம். அப்போதே பேரப்பிள்ளைகளை அருகில் அமர்த்திக்கொள்ளலாம். எது யாருடையது, எந்த நாளில் எடுத்து ஓதப்பட்டது, எதைக் கொடுத்துவிடலாம், எதைக் கொடுக்கலாகாது என்று ஒரு தாளில் எழுதி வைக்கலாம். கண்ணும் கையும் ஒத்துழைக்கும் காலத்தில் செய்துவிட வேண்டிய கைங்கரியம் இது. ஆச்சியின் திருவாசகம் இப்போது அவர் மகள் வீட்டுப் பூஜையறையில் இருக்கிறது. சென்ற மார்கழியில் மகளும் பென்சிலால் ஓர் ஆண்டைக் குறித்திருக்கிறார்.