கட்டாத வார்



கடற்கரை ஊரில் பிறந்தவனுக்கு நீந்தத் தெரியாது என்றால் நீங்கள் நகைப்பீர்கள். என் நிலை அதுதான். கீழக்கரையில் பிறந்தவன் நான். சிறு வயதிலேயே பிழைப்புக்காகச் சென்னைக்குச் சென்றுவிட்டதால், கடல் எனக்குக் கரையில் நின்று காணும் காட்சியாகவே இருந்துவிட்டது. ஆயினும், 'கடலை நமக்கா தெரியாது?' என்ற இறுமாப்பு மட்டும் உள்ளத்தை விட்டு அகலவில்லை. அது ஒரு முற்பகலில் உடைந்த கதையை உங்களிடம் சொல்ல விழைகிறேன்.

2018ஆம் ஆண்டு அரையாண்டு விடுமுறையில் மனைவி, பதினான்கு வயது மகள், பத்து வயது மகன் ஆகியோருடன் மாலத்தீவு சென்றேன். தனித்தீவுகளில் உள்ள சொகுசு விடுதிகள் நம் போன்றோருக்கு எட்டாதவை. ஆனால், 2010க்குப் பிறகு மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் பெருகியுள்ளன. தலைநகர் மாலேக்குத் தெற்கேயுள்ள மாஃபுஷி அத்தகைய ஒரு தீவு. ஊருக்குள் மது இல்லை. உணவைப் பற்றிய ஐயமும் இல்லை. வேளை தவறாமல் பாங்கோசை கேட்கிறது. இப்னு பதூதா 1343இல் வந்து காஜியாகப் பணியாற்றிய நாடல்லவா! அவர்களும் படகைத் 'தோணி' என்றே அழைப்பதைக் கேட்டபோது, உறவினர் வீட்டிற்கு வந்தது போலிருந்தது.

மறுநாள் அத்தகைய தோணி ஒன்றில் பவளப் பாறைகளைக் காணச் சென்றோம். முகக் கண்ணாடியும் மூச்சுக் குழாயும் அணிந்து, நீரின் மேல் குப்புற மிதந்தவாறு அடியில் உள்ளவற்றைப் பார்ப்பதற்கு ஸ்நார்கெலிங் என்று பெயர். வழிகாட்டியாக வந்த உள்ளூர் இளைஞர் நான்கு விதிகளைச் சொன்னார். மிதவைச் சட்டையின் வார்களை இறுகக் கட்ட வேண்டும். பாறைகளின் மேல் நிற்கக் கூடாது. அவரை விட்டு விலகக் கூடாது. நீரோட்டம் இழுத்தால் அதை எதிர்த்து நீந்தக் கூடாது. "பாறை வளையத்தில் வாசல் போன்ற இடைவெளிகள் உண்டு. ஓதம் ஏறும்போது நீர் உள்ளே பாயும், வற்றும்போது வெளியே பாயும்" என்று காரணமும் கூறினார்.

உடல் முழுவதையும் மறைக்கும் நீச்சலுடை அணிந்திருந்த என் மகள், தன் தம்பியின் வார்களையும் தானே சரிபார்த்தாள். நான் சட்டையை மாட்டிக் கொண்டேன். மார்பை அழுத்துகிறது என்று வார்களைக் கட்டாமல் விட்டேன்.

"வாப்பா, வாரைக் கட்டவில்லையே!" என்றாள்.

"எனக்குத் தெரியும், மகளே" என்றேன்.

நீருக்கடியில் நான் கண்டதை எவ்வாறு விவரிப்பேன்! கிளிமீன்கள் பாறையைக் கொறிக்கும் ஓசை காதில் விழுந்தது. அவை கொறித்து வெளியேற்றும் துகள்களே அத்தீவுகளின் வெண்மணலில் பெரும்பங்கு என்பதைப் பின்னர் அறிந்தேன். இடையிடையே சாம்பல் நிறத்தில் உயிரற்ற பவளங்களும் கிடந்தன. 1998இலும் 2016இலும் கடல்நீர் அளவுமீறிச் சூடேறியபோது வெளிறி மடிந்தவை ஏராளம் என்றார் வழிகாட்டி.

அவ்வழகில் மயங்கி அவரை விட்டு விலகினேன். சற்று நேரத்தில் கீழிருந்த பாறைகள் பின்னோக்கி ஓடுவது போலத் தோன்றின. ஓடியது பாறையன்று, நான்! திடுக்கிட்டுத் தலையை உயர்த்தியதும் குழாயில் நீர் புகுந்தது. கட்டாத மிதவைச் சட்டை கழுத்துக்கு மேலேறி முகத்தை மூடியது. தோணியை நோக்கிக் கைகால்களை அடித்தேன். தோணியோ தொலைவாகிக் கொண்டே சென்றது.

அப்போது என் மகளின் குரல் கேட்டது: "வாப்பா! எதிர்த்து நீந்தாதீர்கள்! மல்லாந்து கொள்ளுங்கள்!"

அன்று முதன்முறையாக அவள் சொல்லுக்குக் கீழ்ப்படிந்தேன். சட்டையை மார்போடு அணைத்து, மல்லாந்து வானத்தைப் பார்த்தேன். மூச்சு சீரடைந்தது. மிதவை வளையத்துடன் வந்து சேர்ந்த வழிகாட்டி, என்னைத் தோணியை நோக்கி இழுக்கவில்லை. நீரோட்டத்திற்குக் குறுக்கே பக்கவாட்டில் இழுத்துச் சென்றார். சிறிது தூரத்தில் இழுப்பு நின்றது. அல்ஹம்துலில்லாஹ், தோணி எங்களைத் தேடி அங்கு வந்தது.

மகன் அழுது கொண்டிருந்தான். மனைவி ஒரு சொல்லும் சொல்லவில்லை. மகள் மட்டும் அருகில் வந்தமர்ந்து, என் சட்டையின் வார்களை ஒவ்வொன்றாகக் கட்டினாள். என்னால் நிமிர்ந்து பார்க்க இயலவில்லை. ஒட்டகத்தைக் கட்டாமலேயே தவக்குல் பேசுபவனைப் பற்றி எத்தனை முறை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்! அவள் அதைக் கேட்டிருக்கிறாள், நான்தான் கேட்கவில்லை.

ஊர் திரும்பிய மறுமாதம், நாற்பத்தாறாம் வயதில், நீச்சல் கற்கச் சேர்ந்தேன். பெண்களுக்கென ஒதுக்கிய நேரத்தில் மகளும் தாயும் கற்றனர்.

வாசகர்களே! தீவுகளுக்குச் செல்லுங்கள், பிள்ளைகளையும் நீரில் இறக்குங்கள். ஆனால், அதற்கு முன்னர் அவர்களுக்கு நீந்தக் கற்றுக் கொடுங்கள். நீங்களும் கற்றுக் கொள்ளுங்கள். அந்தக் கடலை அறிந்தவர் வயதில் இளையவராயினும் அவர் சொல்லைக் கேளுங்கள். நீரில் இறங்குமுன் உங்கள் பிள்ளை 'வாரைக் கட்டுங்கள்' என்றால், மறுபேச்சின்றிக் கட்டிவிடுங்கள்.