குச்சவெளியிலிருந்து பாலையூற்றுக்கு ஒரு வயலின்

திருகோணமலையிலிருந்து புல்மோட்டைக்குப் போகும் வீதியில் ஏறத்தாழ 35 கிலோமீற்றர் வடக்கே இருக்கிறது குச்சவெளி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயலும் பற்றைக்காடும். நிலாவெளியோடு உல்லாசப் பயணிகள் இறங்கிவிடுவார்கள். அதற்கப்பால் பஸ்ஸில் மீன்பெட்டிகளும், பாடசாலைப் பிள்ளைகளும், எம்மைப் போன்றவர்களும்தான். 2009இல் இறக்கக்கண்டியில் புதிய பாலம் வந்தது. அதற்கு முந்திய வருடங்களில் இதே வீதியில் ஒவ்வொரு சாவடியிலும் இறங்கி ஏறிப் போனவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள்.

இந்த வீதியால் சனிக்கிழமைகளில் நாங்கள் இரண்டு பெண்கள் ஒரு வயலின் பெட்டியோடு போய் வருகிறோம். மற்றவர் எங்கள் பெண்கள் குழுவைச் சேர்ந்த அக்கா. கருவாடு போட்டு விற்பவர், நாற்பதைத் தாண்டியவர். அவருடைய கணவர் காணாமற்போனவர்களின் பட்டியலில் இருக்கிறார்.

நாங்கள் போகும் இடம் பாலையூற்று. பட்டணத்துக்கு வெளியே, கண்டி வீதிப் பக்கம் உள்ள இந்த ஊரில் பறங்கியர் குடும்பங்கள் வாழ்கின்றன. போர்த்துக்கேயர் 1620களில் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் அந்தக் கோட்டையைப் பிடித்தார்கள். கோட்டை கைமாறினாலும் இங்கேயே வேர்விட்ட குடும்பங்கள் போகவில்லை. மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் அவர்கள் தச்சர்களாக, கொல்லர்களாக, தையற்காரராக வாழ்ந்து வருகிறார்கள். வீட்டில் பேசிய போர்த்துக்கேயக் கிரியோல் மொழி இப்போது முதியவர்களிடமே மிஞ்சியிருக்கிறது. ஆனால் அந்த மொழி எங்கள் வீடுகளிலும் இருக்கிறது. மேசை, கதிரை, அலுமாரி, வாங்கு, சன்னல், சப்பாத்து, பாண் எல்லாம் போர்த்துக்கேயச் சொற்கள். இடித்தவர்கள் விட்டுப்போனவற்றில்தான் நாம் தினமும் உட்காருகிறோம்!

அவர்களுடைய கலியாண வீடுகளில் ஜோடி ஜோடியாக ஆடும் ஆட்டம் கப்ரிஞ்ஞா. ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட காப்பிரி மக்களின் பெயர் அதில் ஒட்டியிருக்கிறது. இன்று நாடு முழுக்க ஆடும் பைலாவுக்கு அதுவே மூத்தது. அந்த ஆட்டத்தை வயலின்தான் நடத்திப் போகும். போர்த்துக்கலிலும் பிரேசிலிலும் கிராமத்து வயலினை றபெக்கா என்கிறார்கள். அங்கேயும் அது காதால் கேட்டுப் பழகும் வாத்தியம்தான்.

வயலின் என்றால் எமக்கு நினைவு வருவது கச்சேரி மேடை. சம்மணமிட்டு உட்கார்ந்து, வாத்தியத்தின் தலையைக் காலில் ஊன்றி வாசிப்பதுதான் நாம் கண்டது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியரிடம் கற்று அதைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். ஏழு வயதில் தொடங்காவிட்டால் வராது என்று எங்களுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். பாலையூற்றில் எங்களுக்குச் சொல்லித்தரும் பெரியவர் அப்படிச் சொல்வதில்லை. தச்சுவேலை செய்து ஓய்ந்தவர். "வா மகள், முதலில் வில்லைப் பிடி" என்பார்.

வில்லைப் பிடிப்பதே பெரிய பாடு. குதிரைமயிரில் பிசின்கட்டியைத் தேய்க்காவிட்டால் சத்தமே வராது. கூடத் தேய்த்தால் கரகரக்கும். நாலு கம்பிகளில் விரல் வைக்க அடையாளம் ஒன்றுமில்லை. காதுதான் விரலுக்கு வழி சொல்ல வேண்டும். வளர்ந்தவர்களுக்கு விரல் இறுகியிருக்கும், ஆனால் காதில் நாற்பது வருடச் சங்கதி இருக்கும். படித்த நான் தாளத்தை ஆறாக எண்ணிக்கொண்டு நிற்பேன். அக்கா எண்ணுவதில்லை. கரைவலை இழுக்கும்போது தகப்பனார் பாடிய அம்பாப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர் அவர். இழு, விடு என்ற அந்த அசைவு அவருடைய வில்லில் தானாக வருகிறது. உப்புக் காற்றில் கம்பி துருப்பிடிக்காமல் ஒவ்வொரு நாளும் பழைய சேலைத்துண்டால் துடைத்து வைப்பதும் அவர்தான்.

ஊர்க்கதைக்கு நாங்கள் பயப்படவில்லை. "மீன் வித்த காசில பெட்டி தூக்கினம்" என்று சொல்பவர்கள் சொல்லட்டும். அக்காவின் மாமியின் சொல்தான் கனம். மகன் உயிரோடு இருக்கிறான் என்று நம்பி அந்தத் தாய் இன்னும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "அவன் வராத வீட்டில என்ன வாத்தியம்?" என்றார். கணவனை இழந்தவருக்கு நாற்பத்தொரு நாள், ஓராண்டு என்று எங்கள் சமூகம் கணக்கு வைத்திருக்கிறது. காணாமற்போனவரின் மனைவிக்குக் கணக்கே இல்லை. அவர் சிரித்தால் மறந்துவிட்டாள் என்பார்கள், அழுதால் செத்துப்போனான் என்று ஒப்புக்கொண்டாள் என்பார்கள். சமூகவியல் வகுப்பில் துயர்காத்தல் பற்றிப் படித்திருக்கிறேன். இந்த நிலைக்கு அதில் ஒரு பக்கம்கூட இருக்கவில்லை.

"மாமியை நான் எதிர்க்கமாட்டன். வயலினையும் விடமாட்டன்" என்றார் அக்கா. அதனால் வயலின் எங்கள் குழுவின் மண்டபத்தில் இருக்கிறது. கருவாட்டை அள்ளிவைத்துக் கைகழுவி வந்து பின்னேரம் ஒரு மணித்தியாலம் பழகுகிறார். மற்றப் பெண்கள் கிடுகு பின்னிக்கொண்டே கேட்பார்கள். சிலவேளை சிரிப்பார்கள், பூனை கத்துகிறது என்று.

போன மாதம் கப்ரிஞ்ஞாவை நிறுத்திவிட்டு அவர் வேறொன்றைத் தேடினார். தகப்பனாரின் அம்பாப் பாட்டு. முதல் அடி இரண்டு கம்பிகளில் வந்துவிட்டது. இரண்டாம் அடி மேலே ஏறும் இடத்தில் விரல் எட்டவில்லை. ஊரில் அந்தப் பாட்டை முழுதாகத் தெரிந்தவர் யாரென்று விசாரித்தோம். மாமிக்குத் தெரியும் என்றார்கள். அக்கா இன்னும் கேட்கவில்லை.