நடந்ததாகச் சொன்னேன்

மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பியபோது, மாத்திரைச் சீட்டின் அடியில் டாக்டர் தன் கையால் எழுதிக் கொடுத்தது ஒன்றுதான்: தினமும் நடக்க வேண்டும். முதலில் வாசலிலேயே ஐந்து, பத்து நிமிடம். பிறகு சமதரையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி அரை மணி நேரம் வரை. நான் நடக்கவில்லை. நடந்ததாக என் மனைவியிடம் மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரத்தநாட்டுப் பக்கம் எங்கள் ஊர். கொல்லைப்புறம் வரப்பில் இறங்கிப் போனால் புதாற்றங்கரை. கல்லணைக் கால்வாயை எங்கள் பக்கத்தில் யாரும் அந்தப் பெயரில் சொல்வதில்லை; மேட்டூர் அணை வந்த 1934-ஐ ஒட்டி வெட்டியது என்பதால் இன்றைக்கும் அது புது ஆறுதான். வானம் பார்த்துக் கிடந்த எங்கள் மேட்டு நிலம் நஞ்சையானது அந்தத் தண்ணீரால். கரை நெடுக வண்டிப்பாதை, புளியும் வாகையுமாக நிழல். நோயிலிருந்து எழுந்தவன் நடந்து தேற இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அப்படிப்பட்ட இடத்தை வைத்துக்கொண்டுதான் நான் ஏமாற்றினேன்.

மகள் வாங்கி அனுப்பிய கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு விடிந்ததும் கிளம்புவேன். வீடு கண்ணுக்கு மறைந்ததும் முதல் மதகு வரும். அதன் கட்டைச் சுவரில் உட்கார்ந்துவிடுவேன். வெயில் ஏறியதும் எழுந்து திரும்புவேன்.

சோம்பல் இல்லை, பயம். எனக்கு மாரடைப்பு வந்தது மாட்டுக்குப் புல்லுக்கட்டு தூக்கி வந்தபோது. மூச்சு இரைத்தது, வியர்த்தது, நெஞ்சு படபடத்தது. வேகமாக நடந்தாலும் இதே மூன்றும்தானே வருகின்றன! உழைப்பால் வரும் இரைப்பு எது, ஆபத்தான இரைப்பு எது என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. நாலு எட்டு விரைந்தால் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய், நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை இருக்கிறதா என்று தடவிப் பார்க்கும். கரையில் தனியாக விழுந்து கிடப்பேன் என்ற நினைப்பு காலைக் கட்டிப்போட்டது. இதை வாய்விட்டுச் சொல்ல வெட்கம்.

விவரம் தெரியாமலும் இல்லை. இதயத்தில் செத்துப்போன தசை திரும்ப வராது, வடுவாகத்தான் நிற்கும். ஆனால் நடக்க நடக்கக் கால் தசைகள் ரத்தத்திலிருந்து ஆக்சிஜனை அதிகமாக எடுக்கப் பழகிவிடும், அதே வேலைக்கு இதயம் குறைவாகப் பாடுபட்டால் போதும் என்று டாக்டர் தாளில் படம் போட்டே காட்டியிருந்தார். உட்கார்ந்தே இருந்தால் இருக்கிற தசையும் கரையும் என்றும் சொல்லியிருந்தார். எல்லாம் புரிந்துதான் உட்கார்ந்திருந்தேன்.

பொய்க்கு நாளாக நாளாக விவரம் சேர்ந்தது. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, அடுத்த சில நாளில் கல்லணையும் திறந்து, புதாற்றில் தண்ணீர் வந்தது. சருகும் நுரையுமாகத் தலைத்தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது என்று மதகைக் கடந்து போன சைக்கிள்காரரிடம் கேட்டு வைத்துக்கொண்டேன். நானே அதுவரை போய்ப் பார்த்து வந்ததாக வீட்டில் சொன்னேன். அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டாள்.

ஆடி மாதம் பரிசோதனைக்குப் போனோம். டிரெட்மில்லில் ஏற்றினார்கள். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். இரண்டாவது முறை கூட்டியதுமே நிறுத்தச் சொல்லிவிட்டேன். "தினம் எவ்வளவு நடக்கிறார்?" என்று டாக்டர் கேட்டார். நான் வாய் திறக்குமுன் என் மனைவி சொன்னாள்: "ஒரு நாள் விடாம முக்கால் மணி நேரம் நடக்கிறார் டாக்டர்."

டாக்டரின் முகம் மாறியது. நடக்காதவன் இப்படி இரைத்தால் நடக்கச் சொல்லி அனுப்பிவிடலாம். இத்தனை நாள் நடந்தவன் இரைத்தால் ஸ்டென்ட் அடைத்திருக்கலாம், வேறு குழாயில் புது அடைப்பு வந்திருக்கலாம், இதயம் பலவீனமாகியிருக்கலாம். எக்கோ எடுத்தார்கள். மறுபடி ஆஞ்சியோகிராம் பார்த்துவிடுவோம் என்றார். அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளுடைய வளையல்கள் அடகுக்குப் போயின.

ஆஞ்சியோவுக்கு நாள் குறித்துக் காத்திருந்த நாட்களில் நடந்ததைத்தான் எழுதக் கை வரவில்லை. குற்றம் தன் அடுப்படியில் இருக்கிறது என்று அவள் முடிவு செய்துவிட்டாள். மாவடு ஜாடியை அப்படியே பக்கத்து வீட்டில் கொடுத்தாள். சித்திரை வெயிலில் முதுகு ஒடியப் பிழிந்து காயவைத்த வடகத்தையும் தூக்கிக் கொடுத்தாள். எண்ணெயை மாற்றினாள். ஒரு ராத்திரி சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து கேட்டாள்: "என்னங்க, நான் உப்பைக் குறைச்சது பத்தலையோ?" நான் தட்டைப் பார்த்துக்கொண்டே, "இருக்கலாம்" என்றேன்.

மற்றப் பொய்களுக்குப் பயம் காரணம். இந்த வார்த்தைக்கு எந்தக் காரணமும் சொல்ல மாட்டேன்.

மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு, மருந்து செலுத்திப் பார்த்தார்கள். ஸ்டென்ட் நன்றாக இருந்தது. புது அடைப்பும் இல்லை. வாசலில் காத்திருந்தவள் அழுதாள். வீட்டுக்கு வந்தும் சில நாள் கழித்துத்தான், மதகில் உட்கார்ந்திருந்ததை அவளிடம் சொன்னேன். அவள் பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. வேளாவேளைக்குச் சோறு போட்டாள், பேச்சு மட்டும் இல்லை. அப்புறம் ஒரு நாள் விடிகாலையில் செருப்பை மாட்டிக்கொண்டு கொல்லைக் கதவருகில் வந்து நின்றாள்.

ஆவணியில்தான் உண்மையாக நடக்க ஆரம்பித்தேன். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வேகத்துக்கு அதுதான் அளவு என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாடியை எண்ணுவதைவிட எனக்கு இதுவே சரி, நான் சாப்பிடும் மாத்திரை நாடியை ஏறவிடாது. அவள் மளிகைச் சாமான் கணக்குக் கேட்டுக்கொண்டே வருவாள். துவரம்பருப்பு எவ்வளவு, புளி எவ்வளவு என்று நான் இரைக்காமல் பதில் சொல்ல வேண்டும். குரல் உடைந்தால் அவளே நின்றுவிடுவாள். முதலில் மதகு தாண்டியதும் கால் கடுத்தது. ஐப்பசி மழையில் கரை வழுக்கியதால் தார்ச்சாலைக்கு மாறினோம். தையில் சம்பா அறுப்பு தொடங்கியபோது அடுத்த ஊர்ப் பாலத்தைத் தொட்டுவிட்டு நிற்காமல் திரும்ப முடிந்தது. இரைப்பு வந்தால் வேகத்தைக் குறைத்து, அது அடங்குகிறதா என்று பார்க்க இப்போது தெரியும். அடங்கிவிடுகிறது.

அடுத்த பரிசோதனையில் டாக்டரிடமும் சொன்னேன். "நீங்க சொல்றதை நம்பித்தானே நான் வைத்தியம் பாக்கறேன்" என்றார், அவ்வளவுதான். அறுப்புப் பணத்தில் வளையல்களை மீட்டோம். இப்போது சில நாள் நான் தனியாகவும் போகிறேன். திரும்பி வந்ததும் அவள் என் ஷூவின் அடிப்பாகத்தைப் பார்க்கிறாள். எனக்கு அதில் வருத்தமில்லை. காலைத் தூக்கியே காட்டுகிறேன்.