கச்சான் காற்றும் ஒரு கோப்பைத் தேநீரும்

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நாம் தேநீர் அருந்தி வருகிறோம். ஆயினும் அதைச் சுவைத்ததுண்டா என்று எவரேனும் கேட்டிருப்பின் விடை கூறத் தெரியாது விழித்திருப்போம். காலையில் சூடாக இருத்தல் வேண்டும். மாலையில் சீனி குறையாதிருத்தல் வேண்டும். தேநீருக்கு நாம் வகுத்த இலக்கணம் இவ்வளவே. திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் நம்மவர் பலருக்கும் தேத்தண்ணீர் என்பது களைப்புக்கு மருந்தேயன்றி இரசனைக்குரிய பொருள் அன்று.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் நம் இல்லத்துக்கு உறவினர் ஒருவர் வந்து தங்கினார். முறையில் நமக்கு அத்தான். கொழும்பிலே தேயிலையைச் சுவைத்துத் தரம் கூறும் தொழிலில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவர். நாம் தேநீரை இரண்டே மடக்கில் விழுங்கியதைக் கண்டு அவர் வருந்தினார்.

"ஐரோப்பியர் திராட்சை மதுவைச் சுவைத்தறிவதை ஒரு கல்வியாகவே பயில்கிறார்கள். எந்தக் குன்றின் சரிவில் விளைந்த திராட்சை என்பதை நாவினாலே அறிய முயல்கிறார்கள். தேநீருக்கும் அப்படியொரு கல்வி உண்டு. அது மயக்கும், இது தெளிவிக்கும். வேறுபாடு அவ்வளவுதான். நாளைக்கே தொடங்குவோம்" என்றார்.

மறுநாள் காலை நான்கு வெள்ளைக் கோப்பைகள் மேசைமேல் வரிசையாக நின்றன. முதற் பாடம் அளவு. 100 மில்லிலீற்றர் நீருக்கு 2 கிராம் தேயிலை. நன்கு கொதித்த நீர். மூடிவைத்து 6 நிமிடம். உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு இதுவே என்றார். பாலும் சீனியும் நம் பாடத்தில் விலக்கப்பட்டன. இரண்டாம் பாடம் உறிஞ்சுதல். கரண்டியில் எடுத்த தேநீரை ஓசையெழ உறிஞ்ச வேண்டும். அப்போதுதான் காற்றோடு கலந்து அதன் மணம் அண்ணத்தின் வழியே மூக்கை எட்டும். நாவில் உணரப்படுவது கசப்பு, துவர்ப்பு முதலியவையே; ஏனைய நயங்களை எல்லாம் அறிவது மூக்கு. நம் பிள்ளைகள் இவ்வாறு உறிஞ்சினால் அதட்டும் நாமே அன்று வீடு அதிர உறிஞ்சியதைக் கண்டு அவர்கள் வாய்பொத்திச் சிரித்தனர். மூன்றாம் பாடம் உமிழ்தல். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான கோப்பைகளைச் சோதிப்பவர் எல்லாவற்றையும் விழுங்குவது எங்ஙனம்?

முதற் கோப்பை இரத்தினபுரிப் பகுதியின் தாழ்நிலத் தேயிலை. 600 மீற்றருக்குக் கீழே விளைவது. நிறம் கடுமை, சாறு கனதி. இரண்டாவது கண்டிப் பகுதியது. 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டாரே, அந்த மலைகளின் வழிவந்தது. மூன்றாவது நுவரெலியா, ஏறத்தாழ 1,800 மீற்றர் உயரத்துக் குளிரில் வளர்ந்தது. வெளிறிய பொன்னிறம், மென்மையான மணம். இம்மூன்றுக்கும் "நன்று, நன்று" என்பதைத் தவிர நமக்கு வேறு சொல் அகப்படவில்லை.

நான்காவது கோப்பையை உறிஞ்சியதும் நம்மையறியாமலே, "அத்தான், இதிலே நோவுத் தைலம் மணக்கிறதே!" என்று கூவிவிட்டோம். கூவிய மறுகணமே நாணம் மேலிட்டது. தேயிலையின் மேன்மையை எடுத்துக் கூற வந்தவரிடம் முழங்காலுக்குத் தேய்க்கும் தைலத்தைப் பற்றியா பேசுவது?

அவரோ நம் தோளைத் தட்டினார். "இன்றைக்குத்தான் நீர் உண்மை பேசினீர். இது ஊவாத் தேயிலை. அந்தத் தைலங்களில் சேர்க்கும் மெதைல் சலிசிலேற்று என்னும் பொருள் இந்தக் கொழுந்தில் இயற்கையாகவே உண்டு. அந்த மணத்துக்காகவே பிறநாட்டார் இதைத் தேடி வாங்குகிறார்கள். பெரிய சொற்களைத் தேடாதீர். மூக்கு அறிந்ததைக் கூச்சமின்றிச் சொல்லும். பிறகு அது எங்கிருந்து வந்தது என்று கேளும்" என்றார்.

எங்கிருந்து வந்தது என்று கேட்டோம். அவர் சன்னலைச் சுட்டிக்காட்டினார். வெளியே முற்றத்து மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்தது கச்சான்.

கச்சான் என்றதும் கடற்கரையில் வறுத்து விற்கும் கடலையையே நினைக்கும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை: அப்பெயரில் ஒரு காற்றும் உண்டு. தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைப் பொழிந்துவிட்டு, முகடு கடந்து இறங்கும்போது ஈரமிழந்து வெம்மையுற்று வீசுகிறது. நம் உதடுகளை வெடிக்கச் செய்து, கிணற்று நீரைக் கீழிறக்கும் அதே காற்று, ஆடி ஆவணியில் பதுளை, பண்டாரவளைச் சரிவுகளிலும் வீசுகிறது. அங்கே தேயிலைச் செடி வாடி, வளர்ச்சி குன்றி, மணத்தைக் கொழுந்திலே செறித்து வைக்கிறது. தேயிலைத் தொழிலில் உள்ளோரும் அக்காற்றைக் கச்சான் என்றே வழங்குவர். ஆண்டுதோறும் நாம் வைது தீர்க்கும் காற்று ஒரு கோப்பைக்குள் இத்துணை நறுமணமாகி இருக்கும் என்று நாம் கனவிலும் எண்ணினோமில்லை.

ஒரு வாரத்துக்குள் நாம் பண்டிதராகிவிட்டோம். அயல் வீடுகளில் கொடுத்த தேநீரை மோந்து பார்த்து, "இலை அதிகம் கொதித்துவிட்டது" என்று தீர்ப்புக் கூறத் தொடங்கினோம். இல்லாள் நம்மை முறைத்துப் பார்த்ததையும் பொருட்படுத்தவில்லை.

அந்நாள்களில் ஒரு மாலை, நம் ஒழுங்கையில் வசிக்கும் முதியவளான ஆச்சி ஒருத்தி வந்தாள். பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, பன்னிரண்டு வயது முதல் கொழுந்து பறித்தவள். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் மலைநாட்டை விட்டு வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய குடும்பங்களுள் அவளுடையதும் ஒன்று. நாம் பெருமிதத்தோடு ஊவாத் தேநீரைச் சீனியின்றி அவளுக்கு நீட்டினோம்.

அவள் கோப்பையை முகத்தருகே கொண்டுபோய்ச் சற்று நேரம் வாளாவிருந்தாள். பின்னர், "கச்சான் கொழுந்துங்க, ஐயா. பேக்டரிப் பக்கம் போனா இந்த வாசம் வரும். குடிச்சதில்லை. எங்களுக்குத் தூள்தானே குடுப்பாங்க" என்றாள்.

"அப்படியானால் கச்சான் காலத்தில் உங்களுக்கும் நல்ல வருமானம் கிடைத்திருக்குமே?" என்று கேட்டோம்.

ஆச்சி சிரித்தாள். "அந்தக் காத்து அடிச்சா கொழுந்து ஏதுங்க? பகல் முழுக்க நின்னாலும் கூடை நெறையாது. நெறை கொறைஞ்சா அரைப்பேர்தான்."

அரைப்பேர் என்றால் அரைநாட் கூலி. சந்தையிலே விலை உயரும் அந்த நாள்களே அவளது கூடை நிறையாத நாள்களும் ஆம். கொழும்பில் 1883இல் தொடங்கிய தேயிலை ஏலத்தைப் பற்றியும், உயரத்தைப் பற்றியும், காற்றைப் பற்றியும் நாம் கற்றிருந்தோம். அக்காற்றிலே நின்றவளைப் பற்றி நாம் கேட்கவுமில்லை.

"நாங்க இங்க வந்து சேந்ததும் கச்சான் காலத்திலதான், ஐயா" என்றாள். பிறகு கோப்பையை நீட்டி, "கொஞ்சம் சீனி போட்டுக் குடுங்க" என்று கேட்டாள். நம் பாண்டித்தியம் வாய் திறக்கவில்லை. இரண்டு கரண்டி சீனி இட்டுக் கலக்கிக் கொடுத்தோம். அவள் ஆறுதலாக, ஒரு சொட்டும் மீதம் வையாது பருகினாள்.

மாணவ நேயர்கள் விரும்பினால் இக்கல்வியை வீட்டிலேயே தொடங்கலாம். இரு வேறு பகுதித் தேயிலைகளை வாங்கி, ஒரே அளவில், ஒரே நேரம் ஊறவைத்து, அருகருகே வைத்துச் சுவையுங்கள். ஒன்றை மட்டும் சுவைத்தால் புலப்படாதது இரண்டை ஒப்பிடும்போது புலப்படும். மூக்கு உரைப்பதை நாணாமல் சொல்லுங்கள். அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்; எவர் கையால் வந்தது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இவ்வாண்டும் கச்சான் வீசத் தொடங்கிவிட்டது. முற்றம் முழுதும் மணல். நாம் முன்போல் அதனை வைகிறோமில்லை. மாலையில் இரண்டு கோப்பை தேநீர் ஊற்றுகிறோம். ஒன்று நமக்கு, சீனியின்றி, மற்றது ஆச்சிக்கு.