தானே கழுவிக்கொள்ளும் பிள்ளை

பொன்னானி ஜைனுத்தீன் மக்தூம் அவர்கள் 16ஆம் நூற்றாண்டில் யாத்த 'பத்ஹுல் முயீன்' என்னும் ஷாஃபிஈ சட்டநூலில், பகுத்தறியும் பருவத்துக்கு ஓர் இலக்கணம் கூறப்பட்டுள்ளது. தானே உண்டு, தானே பருகி, தானே இஸ்தின்ஜா செய்துகொள்ளும் பிள்ளையே 'முமையிஸ்' என்பது அது. அவ்வரியை மாணவப் பருவத்தில் ஓதி மனனம் செய்தோம். அதன் பொருளை நமக்கு உணர்த்தியது ஒரு சிறுவனின் கண்ணீர்.

இற்றைக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன், மக்தபில் ஓதிக்கொண்டிருந்த நான்கு வயதுப் பாலகன் ஒருவன் பாயை நனைத்துவிட்டான். பாய் நஜீஸாகிவிட்டதே என்ற பதற்றத்தில் எல்லார் முன்னிலையிலும் அவனைக் கடிந்தோம். பிள்ளைகள் சிரித்தனர். மறுநாள் அவன் வரவில்லை. ஒரு வாரம் சென்று அவனுடைய உம்மா வந்தார். "ஹஜரத், புள்ள வெளிக்கே போக மாட்டேங்குறான். அடக்கி அடக்கி வயிறு கல்லா இருக்கு" என்றார்.

அன்றிரவு நமக்கு உறக்கமில்லை. பள்ளிவாசலிலேயே சிறுநீர் கழித்த நாட்டுப்புற அரபியைத் தோழர்கள் தடுக்க முற்பட்டபோது, அவரை இடைமறிக்க விடாமல், பின்னர் அவ்விடத்தில் ஒரு வாளி நீர் ஊற்றச் செய்தார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். அந்த ஹதீதைப் பிறருக்குப் போதித்த நாமே, வளர்ந்த மனிதருக்குக் கிடைத்த அப்பொறுமையை ஒரு குழந்தைக்கு மறுத்தோம்! வீடு தேடிச் சென்று சமாதானம் கூறினோம். அவன் மீண்டும் வந்தான். ஆயினும் நெடுநாள் பாயின் ஓரத்திலேயே அமர்ந்தான். அது இன்றும் நம்மை உறுத்துகிறது.

ஆகவே, நம் பேரனின் முறை வந்தபோது அவசரப்படவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் ஒன்றரை வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடையே இதற்கு ஆயத்தமாகின்றனர். இரண்டு மணி நேரம் நனையாதிருத்தல், வருவதை முகத்தாலோ சொல்லாலோ தெரிவித்தல், கால்சட்டையைத் தானே இறக்குதல் ஆகியவை அதன் அடையாளங்கள். உணவு உண்டதும் குடல் அசைவது இயல்பு. எனவே காலைப் பசியாறியபின் ஐந்து நிமிடம் அமர்த்துவது நலம். கழிப்பிடத்தின் இருளும் அகன்ற குழியும் சிறு குழந்தையை அச்சுறுத்தும். விளக்கேற்றி, கைப்பிடித்து உட்காரச் செய்க. உயர்ந்த இருக்கையாயின் பாதம் ஊன்றப் பலகை இடுக. இடக்காலை முன்வைத்து நுழைவதையும், இடக்கையால் கழுவிப் பின் சோப்பிடுவதையும் விளையாட்டுப் போலவே பழக்கலாம். பெண்மகவுக்கு முன்னிருந்து பின்னாகக் கழுவக் கற்பித்தல் வேண்டும். மலம் இறுகி வலித்தால் பிள்ளை அடக்கும். அடக்க அடக்க மேலும் இறுகும். பழமும் நீரும் கொடுத்தும் தீராவிடில் மருத்துவரை நாடுக. இரவில் படுக்கை நனைவது ஐந்து வயதுக்குப் பின்னும் பலருக்கு உண்டு. அது பிள்ளையின் குற்றமன்று.

சென்ற வாரம் உள்ளிருந்து ஒரு குரல்: "வராதீங்க, நானே கழுவிக்கிட்டேன்!" சட்டையெல்லாம் ஈரம், செருப்போ கால்மாறிக் கிடந்தது. எனினும் கிதாபின் அவ்வரி நம் கண்முன் நடந்து வந்தது. அல்ஹம்துலில்லாஹ்.