படித்துச் சொல்ல ஆள் இருக்கு

எனக்குக் கண் தெரியாது. கணினியில் என்விடிஏ வாசிக்க, காதால் படிப்பேன். எங்கள் கல்லூரியில் சுற்றறிக்கை, தேர்வு முடிவு எல்லாவற்றையும் முத்திரை குத்தி, ஸ்கேன் செய்து, இணையதளத்தில் ஏற்றுகிறார்கள். பார்ப்பவர்களுக்கு அது எழுத்து. என்விடிஏவுக்கு வெறும் படம். திறந்தால் மௌனம்தான்.

பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள் பேசும், ஆனால் தமிழில் இல்லை. உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். 'அம்மா' அங்கே எம், கே, அரைப்புள்ளி, கே, எச்.

இணைய அணுகல் நெறிமுறையான டபிள்யூசிஏஜி 2.0 வந்தது 2008இல்; மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல். நான் கேட்பது அலுவலகத்தில் அடித்த கோப்பையே, யூனிகோடில், ஏற்றச் சொல்லி.

"படிச்சுச் சொல்லத்தான் ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்களேப்பா" என்கிறார்கள்.

இருக்காங்கதான். ஆனா எனக்கு எத்தனை அரியர்னு எனக்கு முன்னாடி அவங்களுக்குத் தெரியணுமா?