உலகத்தில் எங்காவது வீடு உண்டா?

சீமையில் வீடு வாங்குகிறவர்களுக்கு வீட்டின் விலைதான் சின்னச் சமாசாரம். அது ஒரே ஒரு தொகை, சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். மற்றவை அப்படியல்ல.

என் பெண்ணும் மாப்பிள்ளையும் 2025-ஆம் வருஷம், லண்டனுக்கு மேற்கே ரெடிங் என்னும் ஊரில் 4 லட்சம் பவுனுக்கு ஒரு வீடு பார்த்தார்கள். அங்கே எல்லாம் ஸொலிஸிட்டர் என்னும் வக்கீல் மூலமாகத்தான். அவருக்குப் பீஸ், பீஸின் மேல் நூற்றுக்கு 20 வரி. வில்லங்கம் உண்டா, சாக்கடை எங்கே போகிறது, வெள்ளம் வருமா என்று விசாரிக்கத் தனித்தனிக் கட்டணம். சுவரில் ஓதம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கும் சர்வேயருக்கு வேறு. இவ்வளவும் அழுத பிறகு, ஒப்பந்தம் கைமாறுகிற நாள்வரை விற்கிறவர் "மனம் மாறிவிட்டது" என்று சொல்லிவிடலாமாம்! கொடுத்த பீஸ் போனது போனதுதான்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். வக்கீலின் கேள்வித்தாளில் ஒரு கேள்வி இருந்தது: உங்களில் யாருக்காவது உலகத்தில் எங்கேயாவது வீடோ, வீட்டில் பங்கோ உண்டா? எப்போதாவது இருந்ததா?

என் மாமனார் மயிலாப்பூர் வீட்டில் பாதியைப் பேத்தி பேருக்குச் செட்டில்மெண்ட் எழுதி வைத்தபோது அவளுக்கு வயது ஏழு. "ஊஞ்சல் என் பாதியிலே வருமா, தாத்தா?" என்று கேட்டாள். "வரும்" என்றார். மறு பாதி என் கணவருக்கு.

அந்த ஊஞ்சலின் விலையைக் கேளுங்கள். 2025 ஏப்ரல் முதல் உள்ள விகிதப்படி, முதன்முதலாக வீடு வாங்குகிறவர்கள் 4 லட்சம் பவுன் வீட்டுக்கு 5,000 பவுன் முத்திரை வரி கட்டினால் போதும். முன்பு எங்காவது வீடு இருந்தவர்களென்றால் 10,000. வாங்குகிற நாளிலும் 40,000 பவுனுக்குக் குறையாத வேறொரு வீடோ பங்கோ இருந்தால் 30,000! மாப்பிள்ளைக்கு எங்கும் ஒரு சாண் நிலம் கிடையாது. ஆனால் தம்பதிகளில் ஒருவருக்கு இருந்தாலே போதும். எங்கள் பாதியோ அந்த 40,000 பவுனைப் போல் இரண்டு பங்கு பெறும்.

"மன்னி, மயிலாப்பூர்ப் பத்திரம் வெள்ளைக்காரன் கண்ணுக்கு எப்படித் தெரியும்? இல்லைன்னு எழுதச் சொல்லுங்கோ" என்றார் என் மைத்துனர். ஊரில் உள்ள உறவினர் பாதிப் பேர் இதே யோசனைதான் சொன்னார்கள். கையெழுத்துப் போடுகிறவள் அவள். அந்த ஊர்ச் சட்டத்துக்குட்பட்டு வாழப் போகிறவளும் அவள். யோசனை சொல்கிறவர்களுக்கு என்ன? அவள் யாரையும் கேட்காமல் "உண்டு" என்று எழுதி அனுப்பிவிட்டாள்.

வக்கீல் ஒரு வழி சொன்னார். வாங்குவதற்கு முன் பங்கை விட்டுக்கொடுத்துவிட்டால் 20,000 பவுன் மிச்சம். ஆனால் முதன்முறைச் சலுகை போனது போனதுதான். அவள் அங்கே போய் நாலு வருஷம் ஆகாததால், மனுச் செய்துகொண்டால் இந்தத் தானத்துக்கு அங்கே லாப வரியும் கிடையாது. ஆகியிருந்தால் அது வேறு ஒரு பூதம்!

இங்கே குடும்பத்துக்குள் செட்டில்மெண்ட் என்றால் முத்திரைக் கட்டணம் 40,000 ரூபாய்க்கு மேல் போகாது. பதிவுக் கட்டணம் 10,000-க்கு மேல் போகாது. அங்கே மிச்சமாவது 20 லட்சம் ரூபாய்க்கு மேல். கணக்கில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனாலும் லீவில் வந்தவள் இரண்டு நாள் ஊஞ்சலை விட்டு எழுந்திருக்கவில்லை.

"உன் பாதி எங்கே ஓடிப்போகிறது? நான் உயில் எழுதி வைக்கிறேன்" என்றார் அவள் அப்பா.

"இப்போ வேண்டாம்பா. அடுத்த வீடு வாங்கறப்போ மறுபடியும் கேட்பான்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ரிஜிஸ்தர் ஆபீசில் விரல் ரேகை வைத்தபோது அந்தச் சிரிப்பு இல்லை.

10,000 பவுன் வரியோடு ரெடிங் வீடு முடிந்தது. கூடத்தில் ஊஞ்சல் மாட்ட உத்தரம் தாங்குமா என்று தெரியவில்லையாம். சர்வேயரைத்தான் கேட்க வேண்டும் என்கிறாள். அதற்கு எவ்வளவு பீஸோ!